ஒரே ஓர் இடம்: கோல்கீப்பர் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பெனால்ட்டி ஷூட்அவுட் (சமநிலையில் முடிந்த ஆட்டத்தை இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்ட்டி உதைத்து முடிவு செய்வது) குறித்து எழுதிய ஒரு சிறிய பதிலைத் தொடர்ந்து, தொழில்முறை கால்பந்தில் கோல்கீப்பராக வாழ்வது எப்படிப்பட்டது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கோல்கீப்பராகத்தான் ஆவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். இதை ஒரு தொழிலாக நம்பி இறங்கலாமா? உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

உயரத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இவ்வளவு பெரிய பரப்பைக் காப்பவருக்கு நீண்ட கைகால்கள் உதவும் என்பதில் ஐயமில்லை. இன்று முன்னணி கிளப்புகளில் ஆடும் கோல்கீப்பர்களில் பெரும்பாலோர் 1.85 மீட்டருக்கு மேல் வளர்ந்தவர்கள். ஆனாலும், சக வீரர்களைவிடக் குள்ளமாகவே இருந்த மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ், கால் வேகத்தையும் துள்ளலையும் வைத்துக்கொண்டு 1994 உலகக் கோப்பையில் தம் நாட்டின் கோலைக் காத்தார். 15 வயதில் ஒரு பையனின் உயரத்தை அளந்து பார்த்து அவன் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது.

தாங்கள் யோசிக்க வேண்டியது வேறொன்று. நடுக்களத்தில் இடம் கிடைக்காத வீரரைப் பயிற்சியாளர் ஓரத்தில் ஆட வைக்கலாம், பின்களத்துக்கு மாற்றலாம், கடைசி இருபது நிமிடங்களுக்காவது மாற்று வீரராக இறக்கலாம். கோல்கீப்பருக்கு இந்த வாசல்கள் எதுவும் இல்லை. அணிக்கு ஒரே ஓர் இடம். அதில் ஒருவர் அமர்ந்துவிட்டால், அவர் காயமடையும் வரையிலோ, தடுமாறும் வரையிலோ, கிளப்பை விட்டுப் போகும் வரையிலோ மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

எமிலியானோ மார்ட்டினெஸ் 2010-இல், 17 வயதில், அர்ஜென்டினாவிலிருந்து இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் பெரும்பகுதியை ஆக்ஸ்ஃபோர்டு, ரோதர்ஹாம், ஹெட்டாஃபே, ரெடிங் என்று ஊர் ஊராக லோனில், அதாவது வேறு கிளப்புகளுக்குத் தற்காலிகமாக இரவல் கொடுக்கப்பட்டு, கழித்தார். 2020-இல் முதல் கோல்கீப்பர் லெனோ காயமடைந்த பிறகுதான் அவருக்குத் தொடர்ந்து ஆட இடம் கிடைத்தது. அந்த ஆண்டே இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பை, 2021-இல் தென் அமெரிக்க நாடுகளுக்கான கோப்பா அமெரிக்கா, 2022-இல் உலகக் கோப்பையோடு சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை என்று எல்லாம் அடுத்தடுத்து வந்தன. செனகலின் எத்வார் மெண்டியின் கதை இன்னும் கடுமையானது. 2014-இல் பிரான்சின் கீழ்நிலைக் கிளப் ஒன்றில் ஒப்பந்தம் முடிந்தபின் ஏறத்தாழ ஓராண்டு எந்தக் கிளப்பும் இல்லாமல், வேலையற்றோர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு இருந்தவர், 2021-இல் இங்கிலாந்தின் செல்சி அணியோடு ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகை வென்றார்.

இவ்விரண்டையும் உற்சாகமூட்டுவதற்காக நான் சொல்லவில்லை. இவர்களைப் போலவே காத்திருந்து, அந்த ஒரு காயமோ அந்த ஒரு தொலைபேசி அழைப்போ வராமலே ஓய்வு பெற்றவர்கள்தான் மிகுதி. ஆகவே மகன் ஆடட்டும். படிப்பையும் விடாமல் தொடரட்டும். அவன் சேரும் அகாடமியில் கோல்கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று மட்டும் கட்டாயம் விசாரியுங்கள். கோலில் நிற்பதோடு, களத்தில் மற்ற வீரர்களைப் போல ஆடவும் அவனை விடச் சொல்லுங்கள். இத்தாலியின் ஜான்லூய்ஜி புஃபோன் சிறுவனாக இருந்தபோது நடுக்களத்தில் ஆடியவர். 1990 உலகக் கோப்பையில் கேமரூன் கோல்கீப்பர் தோமா நகோனோவைப் பார்த்த பிறகுதான் கோலுக்கு வந்தார்.

கேள்வி: ஆட்டத்தில் இறங்காத இரண்டாவது, மூன்றாவது கோல்கீப்பர்கள் வாரம் முழுவதும் என்னதான் செய்கிறார்கள்? சும்மா சம்பளம் வாங்குகிறார்களா?

சில நாட்களில் முதல் கோல்கீப்பரைவிட அதிகம் உழைப்பவர்கள் அவர்கள்தான். காலையில் மற்ற வீரர்கள் வந்து சேர்வதற்குள், கோல்கீப்பர்கள் தங்கள் பயிற்சியாளரோடு மைதானத்தின் ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். ஐந்தாறு மீட்டர் தொலைவிலிருந்து பயிற்சியாளர் மெதுவாகப் பந்துகளைத் தட்டிவிடுவார்: முதலில் மார்புக்கு, பிறகு முழங்காலுக்கு, பிறகு தரையோடு. பந்து மார்புக்கு மேலே வந்தால் இரு கட்டைவிரல்களும் ஏறக்குறைய ஒட்டியிருக்க, உள்ளங்கைகள் பந்தின் பின்னால் விரிந்திருக்க வேண்டும். கீழே வந்தால் சுண்டுவிரல்கள் ஒட்ட வேண்டும். இந்தப் பிடியையே நூற்றுக்கணக்கான முறை செய்த பின்னர்தான் தாவல் தொடங்கும். வலப்பக்கம் விழுந்து, பந்தைத் திருப்பித் தள்ளி, கையூன்றாமல் எழுந்து, மூச்சு வாங்குவதற்குள் இடப்பக்கம் விழ வேண்டும். பயிற்சி முடிந்து முதல் கோல்கீப்பர் ஓய்வறைக்குப் போன பிறகும், முன்கள வீரர்கள் கோலடித்துப் பழக யாராவது கோலில் நிற்க வேண்டுமே. அங்கே நிற்பவர் பெரும்பாலும் மூன்றாமவர்தான்.

உலகக் கோப்பைக்குச் செல்லும் அணியில் மூன்று கோல்கீப்பர்கள் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அவர்களில் ஒருவரேனும் ஒரு நிமிடமும் ஆடாமல் திரும்புவது வழக்கம். மான்செஸ்டர் சிட்டியில் 2019 முதல் 2025 வரை இருந்த ஸ்காட் கார்சன், அந்த அணி கோப்பைகளாக அள்ளிக் குவித்த அக்காலத்தில் மொத்தம் இரண்டே ஆட்டங்களில்தான் இறங்கினார். ஆனாலும் அணியினர் அவரை மதித்தார்கள். இளையவர்களை நிதானப்படுத்தும் அனுபவசாலி ஒருவர் உடைமாற்றும் அறையில் இருப்பதன் பயன் மதிப்பெண் பட்டியலில் தெரியாது.

எப்போதாவது அந்த இரண்டாமவரின் வேளையும் வரும். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில், கோஸ்டாரிகாவுக்கு எதிரான கூடுதல் நேரம் முடியப்போகும் கடைசிக் கணத்தில், நெதர்லாந்துப் பயிற்சியாளர் லூயி வான் ஹால் தம் முதல் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு டிம் குரூலை இறக்கினார். குரூல் ஐந்து உதைகளுக்கும் சரியான பக்கமே தாவினார், இரண்டைத் தடுத்தார், அணி வென்றது. அதோடு முடிந்தது. அரையிறுதியும் ஷூட்அவுட்டுக்குப் போனது. அதற்குள் மாற்று வீரர்களுக்கான வாய்ப்புகள் தீர்ந்துவிட்டதால் குரூல் பெஞ்சில் அமர்ந்தபடியே அணி தோற்பதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

கேள்வி: கையுறை இல்லாமல் ஆடக் கூடாது என்று விதி உண்டா?

இல்லை. 1970-கள் வரை பலர் வெறுங்கையோடுதான் ஆடினார்கள்; மழை நாளில் மட்டும் கம்பளி அல்லது பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார்கள். மேற்கு ஜெர்மனியின் ஸெப் மையர் காலத்தில்தான் பெரிய கையுறைகள் பரவலாயின. இன்றைய கையுறையின் உள்ளங்கைப் பகுதி மென்மையான லேட்டக்ஸ் நுரையால் ஆனது. அது உலர்ந்திருந்தால் பந்து வழுக்கும். அதனால்தான் கோல்கீப்பர்கள் ஆட்டத்துக்கு முன் அதை நனைத்துக்கொள்கிறார்கள், இடையிடையே எச்சிலும் துப்பித் தேய்த்துக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு அருவருப்பாக இருந்தாலும் அது தொழில் தேவை. பிடிப்பு அதிகமுள்ள லேட்டக்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், நல்ல ஜோடியைப் பயிற்சியில் போட மாட்டார்கள்.

கேள்வி: பெனால்ட்டியின்போது கோல்கீப்பர் பந்தைப் பார்த்துத் தாவுகிறாரா, குருட்டாம்போக்கில் ஒரு பக்கம் விழுகிறாரா?

கணக்கைப் பாருங்கள். பெனால்ட்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து அத்தொலைவை ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். கண் கண்டதை மூளை உணர்ந்து தசைக்கு உத்தரவிடுவதற்கே அதில் பாதி போய்விடும். மிச்சத்தில் நடுவிலிருந்து கம்பம் வரையுள்ள 3.66 மீட்டரை எட்டுவது மனித உடலுக்கு அநேகமாக இயலாது. எனவே பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். உதைப்பவர் ஓடிவரும் கோணம், பந்தின் அருகே ஊன்றும் காலின் முனை திரும்பியிருக்கும் திசை, இடுப்பு திறக்கும் விதம் ஆகியவற்றைப் படித்து எடுக்கும் முடிவு அது. கெட்டிக்கார வீரர்களோ கோல்கீப்பர் முதலில் அசையட்டும் என்று காத்திருப்பார்கள். யார் கடைசிவரை பொறுக்கிறார் என்பதே போட்டி. பந்து உதைக்கப்படும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின்மீதோ, அதற்கு நேராகவோ, அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், முன்னால் பாய்ந்து கோணத்தைக் குறைக்கவும் வழியில்லை.

முன்தகவலும் உதவும். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மனியின் யென்ஸ் லேமன், எந்த வீரர் எந்தப் பக்கம் உதைப்பார் என்று பயிற்சியாளர் குறித்துக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காலுறைக்குள் வைத்திருந்தார். கடைசியில் வந்த கம்பியாஸோவின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் லேமன் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு, மடித்து வைத்து, அந்த உதையைத் தடுத்தார். சீட்டில் என்ன இருக்கிறது என்பது எதிராளிக்குத் தெரியாதல்லவா?

எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஒரு கணக்கு. அவர்கள் ஆராய்ந்த 286 பெனால்ட்டிகளில் ஏறக்குறைய 94 விழுக்காட்டில் கோல்கீப்பர்கள் இடமோ வலமோ தாவினார்கள். உதைகளிலோ கிட்டத்தட்ட 29 விழுக்காடு நடுவில்தான் வந்தன. அசையாமல் நின்றிருந்தால் அதிகம் தடுத்திருக்கலாம். ஏன் நிற்கவில்லை? தாவி, எட்டாமல் போனால் முயன்றார் என்பார்கள். நின்றபடி கோல் வாங்கினால் மரம் மாதிரி நின்றார் என்பார்கள். பார்ப்பவர்களின் கண்ணுக்குப் பயந்து தொழிலில் எடுக்கும் முடிவு இது. அந்தப் பழியில் நமக்கும் பங்குண்டு.

கேள்வி: பாய்ந்து பாய்ந்து பிடிப்பவர்தானே சிறந்த கோல்கீப்பர்?

நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய பாய்ச்சல் தேவைப்பட்டதற்குப் பல வேளைகளில் காரணம், இரண்டு நொடிக்கு முன் அவர் நின்ற இடம் தவறு என்பதுதான். எதிரணி வீரர் பந்தோடு நகர நகர, பந்தையும் கோலின் நடுவையும் இணைக்கும் கற்பனைக் கோட்டில் கோல்கீப்பரும் சிறு சிறு எட்டு வைத்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முன்னால் வந்தால் பக்கவாட்டில் இடைவெளி குறையும், தலைக்கு மேல் திறந்துகொள்ளும். பின்னால் போனால் நேர்மாறு. உதைப்பவரின் கால் பின்னோக்கிப் போகும் கணத்தில் ஒரு சிறு துள்ளலோடு இரு பாதங்களையும் தரையில் பதித்து நின்றுவிட வேண்டும், ஏனெனில் நகர்ந்துகொண்டிருக்கும் உடலால் எதிர்த்திசைக்குத் தாவ முடியாது. தொலைக்காட்சி பந்தையே பின்தொடர்வதால் இவை எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. அடுத்த முறை மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வாய்த்தால், பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு கோல்கீப்பரின் பாதங்களை மட்டும் பாருங்கள்.

1982 உலகக் கோப்பையில் இத்தாலி 3–2 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி நிமிடங்களில் பிரேசிலின் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தை டீனோ ஸோஃப் தரையோடு, கோல் கோட்டின் மீதே பிடித்து அமுக்கினார். தட்டிவிட்டிருந்தால் அருகில் நின்றவர் யாரேனும் மறுபடி உதைத்திருப்பார். பிடித்ததால் பேச்சு அங்கேயே முடிந்தது. பாய்ச்சலின் அழகு அதில் குறைவுதான். அவருக்கு அப்போது வயது 40. அணித்தலைவராக அந்தக் கோப்பையையும் வாங்கினார்.

கேள்வி: முன்பெல்லாம் கோல்கீப்பர் காலால் ஆடியதாக நினைவில்லை. இப்போது அவரும் ஒரு பின்கள வீரர்போல் பந்தைக் கடத்துகிறாரே?

1992-இல் வந்த விதிதான் காரணம். 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.21 கோல்கள்தான் விழுந்தன. முன்னிலை பெற்ற அணி பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்ட, அவர் கையில் எடுத்து, உருட்டிவிட்டு, மறுபடி வாங்கி நேரத்தைக் கடத்துவது சகித்துக்கொள்ள முடியாத அளவுக்குப் போயிருந்தது. சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்றதும், அதுவரை கைகளை நம்பிப் பிழைத்த ஒரு தலைமுறையே திணறிப்போனது. அதன்பின் வளர்ந்தவர்கள் சிறுவயதிலிருந்தே இரு கால்களாலும் பழகினார்கள். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மானுவல் நோயர் பெனால்ட்டிப் பகுதிக்கு வெளியே திரும்பத் திரும்ப ஓடிவந்து பந்தை அகற்றியது அந்த மாற்றத்தின் உச்சம். 2025 முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது: பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக் (களத்தின் மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு). கடைசி 5 நொடிகளை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

கேள்வி: கோல்கீப்பருக்கு ஓட்டம் குறைவு, காயமும் குறைவுதானே?

ஓட்டம் குறைவு என்பது சரி. களத்தின் மற்ற வீரர்கள் ஓர் ஆட்டத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால், இவர் அதில் ஏறக்குறைய பாதிதான். காயத்தைப் பற்றிய எண்ணம் தவறு. விரல் மூட்டு நழுவுவதும் தோள்பட்டை விலகுவதும் இத்தொழிலின் அன்றாடம். எதிராளியின் கால்களுக்கு நடுவே தலையைக் கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதியே. செல்டிக் அணியின் ஜான் தாம்சன் 1931-இல் அப்படிப் பாய்ந்து, தலையில் அடிபட்டு, 22 வயதில் இறந்தார். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியின் பெர்ட் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்தது தெரியாமல் ஆட்டத்தை முடித்தார். மாற்று வீரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. 2006-இல் மண்டையோடு உடைந்த செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக், சில மாதங்களில் தலைக்கவசத்தோடு திரும்பி, 2019-இல் ஓய்வு பெறும்வரை அதைக் கழற்றவில்லை.

1999 மகளிர் உலகக் கோப்பை இறுதியின் ஷூட்அவுட்டில் அமெரிக்காவுக்காக ஓர் உதையைத் தடுத்த பிரையானா ஸ்கர்ரியின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2010-இல் ஓர் ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் தலையில் இடிக்க, அத்தோடு அவர் ஆட்டவாழ்க்கை முடிந்தது. தீராத தலைவலியும் மனச்சோர்வும் வாட்ட, பணமுடையில் தம் ஒலிம்பிக் பதக்கங்களை அடகு வைக்கும் நிலைக்கே போய், அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் மீண்டார்.

கேள்வி: ஒரு தவறால் ஆட்டமே தோற்றுப்போகும்போது அவர்கள் எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள்?

தாங்க முடியாதவர்களும் உண்டு. முன்கள வீரர் ஐந்து வாய்ப்புகளை வீணாக்கி ஒன்றைக் கோலாக்கினால் நாயகன். கோல்கீப்பர் ஐந்தைத் தடுத்து ஒன்றை நழுவவிட்டால் அந்த ஒன்றுதான் மறுநாள் படமாக வரும். 1950 உலகக் கோப்பையில் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தில், உருகுவேயின் கிஜ்ஜியா ஓரத்திலிருந்து பந்தை நடுவுக்கு அனுப்புவார் என்று கணித்து பிரேசிலின் பார்போசா கம்பத்தை விட்டு ஓர் எட்டு நகர்ந்தார். கிஜ்ஜியாவோ அந்த இடைவெளியிலேயே கோலடித்தார். உருகுவேயின் முதல் கோல் அப்படித்தான் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்த பந்தில் விழுந்திருந்தது. ஆகவே கணிப்பில் குற்றம் சொல்ல முடியாது. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டுதான், தாமோ 50 ஆண்டுகளாக அனுபவிப்பதாகப் பார்போசா பிற்காலத்தில் சொன்னார். 2000-இல் அவர் இறந்தார்.

2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலின் லோரிஸ் கேரியஸ் இரண்டு கோல்களைத் தம் பிழையால் கொடுத்தார். ஆட்டத்தின் நடுவே தலையில் பட்ட இடியால் அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் பின்னர் தெரிவித்தார்கள். அதற்குள் உலகம் கேலி செய்து முடித்திருந்தது.

ஜெர்மனியின் ராபர்ட் என்கே பல ஆண்டுகள் மனச்சோர்வு நோயோடு, வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் அதை மறைத்தே ஆடி, 2009-இல் 32 வயதில் தம் உயிரை முடித்துக்கொண்டார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை இந்நோயைப் பற்றி விளையாட்டு உலகில் பேசவைக்கப் பாடுபட்டு வருகிறது. புஃபோனும் தம் 20-களில் மனச்சோர்வால் அவதிப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னார். மருத்துவரிடம் பேசியது உதவியது என்றும் சொன்னார். அந்தக் காலத்துக்குப் பின்னர்தான் அவர் 2006 உலகக் கோப்பையை வென்றார். "மனதைத் திடமாக வைத்துக்கொள்" என்று பயிற்சியாளர்கள் சொல்லும் அறிவுரை நோயைக் குணப்படுத்தாது, சிகிச்சைதான் குணப்படுத்தும்.

கேள்வி: முன்கள வீரர்களுக்கு இணையாகப் பணம் கிடைக்கிறதா?

இல்லை. கோல்கீப்பர் ஒருவரை வேறு கிளப்பிலிருந்து வாங்கக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய தொகை, 2018-இல் ஸ்பெயினின் கேப்பாவுக்காகச் செல்சி செலுத்திய 8 கோடி யூரோ. அதற்கு முந்தைய ஆண்டு முன்கள வீரர் நெய்மாருக்காகப் பாரிஸ் கிளப் தந்தது 22.2 கோடி யூரோ. வேடிக்கை என்னவென்றால், இரண்டே ஆண்டுகளில் அந்த விலையுயர்ந்த கேப்பாவைப் பெஞ்சுக்கு அனுப்பியவர், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொகைக்கு வந்த நம் எத்வார் மெண்டிதான்.

கேள்வி: ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் தோர் விருதை வென்ற கோல்கீப்பர் உண்டா?

ஒரே ஒருவர்: சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின், 1963. மாஸ்கோ டைனமோ கிளப்பிலேயே ஆட்டவாழ்க்கை முழுவதையும் கழித்தவர். இளமையில் அதே கிளப்புக்காக ஐஸ் ஹாக்கியிலும் கோல் காத்தவர். 2019 முதல் சிறந்த கோல்கீப்பருக்கு அவர் பெயரிலேயே தனி விருது கொடுக்கிறார்கள். தனி விருது வந்துவிட்டதால் பெரிய விருதுக்கு இனி ஒரு கோல்கீப்பரைப் பரிசீலிப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

கேள்வி: எந்த வயது வரை ஆடலாம்? ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள்?

மற்றவர்கள் 35-ஐ நெருங்கும்போது ஒதுங்கத் தொடங்க, கோல்கீப்பர்கள் அந்த வயதில்தான் பல வேளைகளில் முழுமை அடைகிறார்கள்; வேகம் சற்றுக் குறைந்தாலும் ஆட்டத்தைப் படிக்கும் அறிவு அதை ஈடுசெய்கிறது. புஃபோன் 17 வயதில் தொடங்கி 45-இல் நிறுத்தினார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹடாரி 2018-இல், 45 வயதில், உலகக் கோப்பையில் ஆடிய மிக மூத்த வீரரானதோடு அந்த ஆட்டத்தில் ஒரு பெனால்ட்டியையும் தடுத்தார்.

ஓய்வுக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளர் ஆகிறவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. ஸோஃப் 2000 யூரோ கோப்பையில் இத்தாலியை இறுதிவரை கொண்டுசென்றார்; போர்ச்சுகலின் நூனோ எஸ்பிரித்தோ சாந்தோவும் முன்னாள் கோல்கீப்பரே. பீட்டர் செக் கிளப் நிர்வாகத்துக்குப் போனார். அதோடு நிற்காமல் இங்கிலாந்தில் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றிலும் கோல் காத்தார். பெரும்பாலோர் தேடிப் போவது கோல்கீப்பர் பயிற்சியாளர் வேலையைத்தான். ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் இதற்கென்றே தனி உரிமச் சான்றிதழ்களை வழங்குகிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்குப் படித்து முடிப்பவர்கள் உண்டு. இரண்டாவது, மூன்றாவது கோல்கீப்பராகக் காலம் கழித்தவர்கள் இதில் நன்றாகவே பொருந்துகிறார்கள். பயிற்சி மைதானத்தில் அவர்களைவிட அதிக நேரம் செலவழித்தவர்கள் அணியில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.